எட்டாக மடித்த பச்சைத் திரை

ஒரு காலத்தில் அது பச்சைத் திரை. இப்போது அதைப் பச்சை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். துவைத்துத் துவைத்து நிறம் போய், எட்டாக மடிக்கப்பட்டு, பொத்துவிலில் என் சாச்சியின் தொழுகைப் பாயின் தலைப்பக்கத்தில் கிடக்கிறது. சாச்சி என்றால் என் உம்மாவின் தங்கை. ஐந்து வேளையும் அந்தத் துணியின் மேல்தான் நெற்றியை வைக்கிறார். மடிப்பின் உயரம் சரியாக இரண்டு விரல். வெள்ளிக்கிழமைகளில் மருதமுனையிலிருந்து பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சலாம் சொல்லும் முன்பே என் கண் அதன் மேல்தான் போய் விழும். உடனே காதுக்குள் ஒரு ஆணின் குரல் கேட்கும். "அமத்து! இன்னும் அமத்து!" அமத்து என்றால் அழுத்து. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை ஊர் மாஸ்டர் என்றது. நானும் மாஸ்டர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். பெயரைச் சொல்லி அவருக்கு இன்னும் விளம்பரம் தேடிக் கொடுக்க எனக்கென்ன விசரா?

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அலையில் சறுக்கும் பலகைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். ஒரு நாள் இந்தியாவுக்குப் போனார். ஒரு மாதம் கழித்துத் தலைமுடியை உச்சியில் முடிந்துகொண்டு, வெள்ளைத் துணியில் தொளதொளவென்று காற்சட்டை போட்டுக்கொண்டு, யோகா மாஸ்டராகத் திரும்பி வந்தார். ஒரு மாதத்தில் எங்கள் வீட்டுத் தேசிக்காய் ஊறுகாய்கூட ஊறி முடியாது. அறுகம்பேக் கரையில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் போட்டார். காலையில் மணலில் தலைகீழாக நிற்பார். படம் பிடிக்க யாரும் இல்லாத ஒரு காலையில் அவர் தலைகீழாக நின்றதை நான் கண்டதில்லை. தினமும் அங்கே இருந்தவள் சொல்கிறேன். உல்லாசப் பயணிகளிடம் கதைக்க ஒரு குரல் வைத்திருந்தார், சீனிப்பாணி போல. எங்களை வேலை ஏவ இன்னொரு குரல். அவரிடம் ஒரு வாசகமும் இருந்தது. யார் எங்கே நோகிறது என்று சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, "நோவுதான் வாசல்" என்பார். அந்த வாசலால் எத்தனை பேர் நொண்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள் என்பதை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் பெருமையான கதை அல்ல. உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு மருதமுனையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சாச்சிதான் பொத்துவிலுக்குக் கூப்பிட்டார். அங்கேயிருந்து கொட்டிலுக்கு வேலைக்குப் போனேன். ரப்பர் பாய்களைக் கழுவிக் காயப் போடுவதுதான் வேலை. காயப் போட்டுக்கொண்டே பார்த்தேன், பார்த்ததை வீட்டில் செய்தேன், உடம்பு வளைந்தது. பெண்களின் முதுகில் பெண் கை வைத்தால் நல்லது என்று மாஸ்டருக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. என்னைக் கூப்பிட்டு, "நீ கைய வை, நான் சொல்றன்" என்றார். அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. உல்லாசப் பயணிகள் வரும் பருவம் இரண்டு அப்படிப் போனது. கலியாண வீடுகளில் "அல்லாஹ்வே" என்று முனகிக்கொண்டு நிலத்தில் அமரும் பெண்களைப் பார்த்து எனக்குள் சிரித்தேன். உடம்பை வைத்திருக்கத் தெரியாத கூட்டம் என்று நினைத்தேன். மாஸ்டரை மட்டும் குறை சொல்ல வந்தவள் என்று என்னை நினைக்க வேண்டாம். அந்த நாளைய என்னை இப்போது தெருவில் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

சாச்சியும் அப்படி முனகுகிறவர்தான். இருபது வருடம் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவர். அடுப்படியில் தாழ்ந்த பலகையில் குந்தியிருந்தே முழங்கால் இரண்டும் போய்விட்டன. பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பார். பிள்ளைகள் பாயில், சாச்சி கதிரையில். பிள்ளைகள் முற்றத்தில் இருந்து ஓதினாலும் இவர் குசினியில் நின்றுகொண்டே யார் எந்த எழுத்தை விழுங்கினார்கள் என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு காது. ஐந்து வருடமாகத் தொழுகையும் கதிரையில்தான். முடியாதவர் கதிரையில் தொழலாம், அதில் குறையில்லை என்பது எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு முறை தொழுது முடித்துவிட்டு என்னிடம் சொன்னார். "கூடும்தான் புள்ள. ஆனா சுஜூதுல நெத்தி காத்துல நிக்கிது. மௌத்தாகிறதுக்கு முந்தி ஒருக்கா நிலத்துல வெச்சிப் போடணும்." சுஜூது என்பது தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைப்பது. வேறு எதையும் அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. ஹஜ்ஜுக்குப் போகவேண்டும் என்றுகூட அவர் இப்படிச் சொன்னதில்லை.

அந்த ஆசை மாஸ்டரின் காதில் விழுந்தது. போட்டுக் கொடுத்தவள் நான்தான். அந்த நாட்களில் யோகா எங்கள் மார்க்கத்துக்குச் சரிவருமா என்று ஊரில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கோ ஊர்ப் பெண்களுக்கும் ஒரு வகுப்பு தொடங்கவேண்டும் என்று ஆசை. எனவே ஒரு புதுக் கதையை எடுத்துவிட்டார். "தொழுகையும் யோகாவும் ஒண்டுதான். சுஜூது எண்டா என்ன? எங்கட பாலாசனம்." பாலாசனம் என்பது குழந்தை குப்புறப் படுப்பதுபோல, இடுப்பைக் குதிகாலில் உட்கார்த்திக் குனிந்து கிடக்கும் ஆசனம். ஓதிக் கொடுக்கும் ஒரு பெண் கதிரையிலிருந்து நிலத்துக்கு இறங்கிவிட்டால் ஊரின் வாய் தன்னால் மூடிவிடும் என்று கணக்குப் போட்டார். சாச்சிக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. நெற்றி நிலத்தில் படுமா என்று மட்டும்தான் கேட்டார். படும் என்று நான் சொன்னேன். மாஸ்டரை நம்பி அல்ல, என்னை நம்பித்தான் அவர் சம்மதித்தார்.

சாச்சியின் வீட்டு மண்டபத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் அந்தப் பச்சைத் திரையைக் கட்டினோம். அந்நிய ஆண் அல்லவா? தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. ஆகவே மாஸ்டர் மண்டபத்தில் கதிரை போட்டு அமர்ந்துகொண்டு அங்கிருந்து சொல்வார். உள்ளே நான் அவருடைய கை. கண்ணில்லாத ஒருவர் வாயை வைத்துக்கொண்டு, வாயில்லாத ஒருத்தியின் கையால் ஒரு முழங்காலுக்கு வைத்தியம் பார்த்த அழகை நினைத்துப் பாருங்கள். எங்களுக்கு அன்றைக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. மார்க்கமும் கெடவில்லை, வைத்தியமும் நடக்கிறது என்று நானே பெருமைப்பட்டேன்.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது நல்லபடியாகத்தான் நடந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாச்சி ஒரு முழங்காலை ஊன்றினார், பிறகு மற்றதை. கைகளைப் பாயில் வைத்தார். நான் அவருடைய தோளைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினேன். நெற்றி நிலத்தில் பட்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு பட்டது. சாச்சி அழுதார். முகம் பாயில் இருந்ததால் சத்தம் மட்டும் கேட்டது, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று. நான்கைந்து மூச்சு நேரம் இருக்கும். அதோடு விட்டிருக்கலாம். அவர் கேட்டது அவ்வளவுதானே.

"பட்டிட்டா?" என்று திரைக்கு அப்பால் மாஸ்டர் கேட்டார். பட்டுவிட்டது என்றேன். "இடுப்பு எங்க நிக்கிது?" மேலே நிற்கிறது என்றேன். "அது பிழை. குதிகால்ல உக்காரணும். ரெண்டு கையையும் வெச்சி அமத்து."

இங்கேதான் என் கதை. சுஜூதில் இடுப்பு குதிகாலில் போய்க் குந்தாது. பெண்கள் நாங்கள் ஒடுக்கமாகச் செய்வோம், ஆனாலும் இடுப்பு உயர்ந்தே நிற்கும். ஏழு வயதில் தொழப் பழகிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கும் தெரியும். ஒரு நாளில் எத்தனை சுஜூது செய்கிறவள் நான்! மாஸ்டரும் முஸ்லிம் வீட்டில் பிறந்தவர்தான். ஆனாலும் இரண்டும் ஒன்று என்று ஊருக்குச் சொல்லித் திரிந்த வாய்க்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். கீழே இருந்து சாச்சி சொன்னார். "சுஜூதுல குந்திறல்லயே புள்ள." நான் அமத்தினேன். "நோகுது மகள், உடு." திரைக்கு அப்பால் குரல் உயர்ந்தது. "அமத்து! இன்னும் அமத்து! நோவுதான் வாசல்!" என் கைக்குக் கீழே கிடந்தவரின் குரலை விட்டுவிட்டு, பார்க்கவே முடியாத ஒருவரின் குரலைக் கேட்டேன். என் முழுப் பாரத்தையும் போட்டேன். வலது முழங்காலுக்குள் ஈரத் தடி முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது.

சாச்சி போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழிகள் ஓடின. மாஸ்டர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? திரையை விலக்காமலேயே சொன்னார். "சில பேர்ட உடம்பு தயாரில்ல. மனசுல பயம் இரிக்கி." பிறகு மோட்டார்சைக்கிள் புறப்படும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஆள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை, ஒரு தேசிக்காய்கூட வாங்கி அனுப்பவில்லை. நான் எழும்பி அந்தத் திரையைக் கயிற்றோடு பிய்த்து எறிந்தேன். எறிந்த துணியைத்தான் பிறகு மடித்து வீங்கிய முழங்காலுக்குக் கீழே வைத்தேன், கைக்கு வேறு எதுவும் அகப்படவில்லை.

உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள் கல்முனை ஆஸ்பத்திரியில். அதன்பிறகு மாதக் கணக்கில் பொத்துவிலிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் போனோம். சாச்சிக்குக் காலை மடிக்க முடியாது. ஒரு முழு ஆசனத்தில் காலை நீட்டிக்கொண்டு வருவார். நான் பக்கத்தில் நின்றபடி, வழியில் இருக்கும் அந்தக் காலில் யாரும் இடித்துவிடாமல் காவல் காப்பேன். கொண்டக்டர் முறைப்பான். ஒரு முறைகூடச் சாச்சி என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நாலு பேர் முன்னால் ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். "நீ என்ன செய்வாய், சின்னப் புள்ள" என்றார் ஒரு நாள், நிந்தவூர் தாண்டும்போது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் முழங்காலைப் பயிற்றுவிக்க ஒரு பிசியோ மிஸ் இருந்தார். காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. முதல் நாள் அவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு போர்வையைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். கொஞ்சம் கழித்து, "எதுவரைக்கும் நோகல்ல அம்மா?" என்று கேட்டார். இதற்கு ஒரு படிப்பா, இதற்கு ஒரு வெள்ளைச் சட்டையா என்று நினைத்தேன். எது நோகிறது என்றுதானே கேட்பார்கள், நோகாத இடத்தைக் கேட்டு என்ன செய்யப் போகிறார்? அவர் அந்த நோகாத இடத்திலிருந்து தொடங்கினார். மூன்றாவது வாரம் சாச்சியின் கால் அரை விரல் கூடுதலாக மடிந்தது. ஒருவரும் அமத்தவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். இரண்டு பருவம் கொட்டிலில் கைவைத்தவள், கையை எடுத்து வைத்திருப்பதும் ஒரு வேலை என்று அங்கேதான் கண்டுகொண்டேன்.

சாச்சியின் ஆசை அப்படியே இருந்தது. அதை நான் மிஸ்ஸிடம் சொன்னபோது அவர், நெற்றி நிலத்துக்கு வரமுடியாவிட்டால் நிலத்தைக் கொஞ்சம் நெற்றிக்குக் கிட்டக் கொண்டுவரலாம் என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைத் திரையை எட்டாக மடித்துப் பாயில் வைத்தேன். அதன் மேல் வாப்பாவின் பழைய சாரன்களை, அவர் உடுத்த கைலிகளை, அடுக்கினேன். மருதமுனைக் கைத்தறிச் சாரன், தடித்த துணி, சரியாமல் நிற்கும். பதின்மூன்று சாரனும் அடியில் திரையும். முதல் நாள் அந்த அடுக்கில் நெற்றியை வைத்தபோது சாச்சி, "இது சுஜூதா, கலியாண மாப்பிளைக்கு வெச்ச தலாணியா?" என்று கேட்டுச் சிரித்தார். தாழ்த்தலாம் என்று அவர் உடம்பு சொன்னால்தான் ஒரு சாரனை எடுப்பேன். சில மாதம் ஒன்று போகும். சில மாதம் ஒன்றும் போகாது. ஒரு நோன்பு காலத்தில் எடுத்ததைத் திரும்ப வைத்தோம். இப்படியே மூன்று வருடத்தில் பதின்மூன்றும் போயின. திரை மட்டும் மிஞ்சியது. அதற்குக் கீழே முழங்கால் போகவில்லை. இனிப் போகாது என்று மிஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் நானும் முறையாகப் படித்தேன். மருதமுனையில் என் வீட்டு மண்டபத்தில் இப்போது பெண்கள் வருகிறார்கள். தறியில் இருந்து முதுகு பிடித்தவர்கள், பிள்ளை பெற்று இடுப்பு விட்டவர்கள், வயலில் குனிந்து நிமிர முடியாதவர்கள். தலைகீழாக நிற்க வருகிறவர்கள் யாரும் இல்லை. தலையணை, சாரன், சுவர், கதிரை, இவைதான் என் கருவிகள். சிலர் வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, நித்திரை கொள்ள வெக்கிற வகுப்பா?" என்று போய்விடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தேன் என்பதால் எனக்குக் கோபம் வருவதில்லை.

கோபம் வந்தது போன மாதம். மாஸ்டரைக் கைபேசியில் பார்த்தேன். உச்சிக் கொண்டையைக் காணோம், தாடி நரைத்திருந்தது, சுற்றிலும் வெள்ளைத் தலையணைகள். இப்போது அவர் சிகிச்சை இயக்க நிபுணராம். "நோகவிடாதீங்க. உடம்பு கதைக்கிறதக் கேளுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அதே சீனிப்பாணிக் குரல். வாசலைப் பற்றி மூச்சில்லை. அதோடு நின்றாரா? கதிரையில் தொழுத ஒரு தாயை நிலத்துக்கு இறக்கிய கதையை அவிழ்த்துவிட்டார். எங்கள் சாச்சியை! கைபேசியை எறிந்திருப்பேன், அதற்குத் தவணைக் காசு இன்னும் கட்டி முடியவில்லை என்பதால் வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பொத்துவிலில் இருக்கும்போது ஆளே நேரில் வந்து நின்றார். மோட்டார்சைக்கிளிலிருந்து காலைத் தூக்கி இறங்கவே வெகு நேரம் எடுத்தது. மண்டபத்தில் கதிரையில் அமர்ந்தார். சாச்சி உள்ளறையில் அஸருக்கு, பின்னேரத் தொழுகைக்கு, ஆயத்தமாக இருந்தார், கதவு பாதி சாத்தியிருந்தது. திரைதான் இல்லையே. மாஸ்டர் வெட்கமில்லாமல் தொடங்கினார். "அண்டைக்கி நான் அந்த உசாரக் குடுக்கல்லண்டா சாச்சி இண்டைக்கும் கதிரையிலதானே, தங்கச்சி? அவங்கட முகம் வேணாம். பின்னால இருந்து ஒரு வீடியோ. துணி வெச்சித்தான் தொழுறாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். அந்தத் துணியையும் எடுத்திட்டா வடிவா இரிக்கும். ஒரு நிமிசம்தானே."

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அதைச் சொல்வதற்கு முன் உள்ளே திரும்பிப் பார்த்தேன். சாச்சி மடித்த திரையைப் பாயிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார். வெறும் பாயைத் தடவிக்கொண்டே, "ஒருக்காப் பாப்பமா புள்ள? நீ கொஞ்சம் அமத்தினா படும்" என்றார். அந்த முகத்தில் இருந்த ஆசைக்கு முன்னால் மாஸ்டராவது மண்ணாவது. பக்கத்தில் குந்தி, கைகளை மடியில் கட்டிக்கொண்டு கேட்டேன். "எதுவரைக்கும் நோகல்ல சாச்சி?" அவர் வெறும் பாயை இன்னொரு முறை தடவினார். பிறகு ஒதுக்கிய திரையைத் தானே எடுத்துப் பழைய இடத்தில் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். "இதுவரைக்கும்தான்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் கதிரையில இருக்கக்குள்ள மூச்சப் புடிச்சார், கேட்டியா? இடுப்புப் போயிட்டு. தொழுறது எப்பிடியாம் எண்டு கேளு" என்றார். நான் மண்டபத்துக்கு வந்து அப்படியே கேட்டேன். மாஸ்டர் கைபேசியைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். "பள்ளியில கதிரதான்" என்றார், இரண்டு குரலிலும் சேராத ஒரு குரலில். உள்ளேயிருந்து சாச்சி உரக்கச் சொன்னார். "அப்ப அவருக்கு எத்தின துணி வேணும் எண்டு கேளு புள்ள. நம்மட சாரனெல்லாம் சும்மாதானே கிடக்கு."

எனக்குக் கொடுக்க மனமில்லை. ஒன்றுகூடக் கொடுக்க மனமில்லை. ஆனாலும் அலுமாரியைத் திறந்து, சாச்சியின் நெற்றிக்குக் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்த அந்தப் பதின்மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்து அவர் மடியில் தொப்பென்று போட்டேன். "நோகாத இடத்தில இருந்து தொடங்குங்க, மாஸ்டர். ஒருத்தரையும் அமத்த உடாதீங்க" என்றேன். அவர் சாரன்களைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது போலத்தான் இருந்தது. பிறகு கேட்டார். "இதயாவது ஒரு வீடியோ எடுக்கலாமா, தங்கச்சி?" சில மனிதர்களைப் படைத்த றப்புக்குத்தான், அந்த இறைவனுக்குத்தான், அவர்களைத் தெரியும்.

அவர் போன பிறகு சாச்சி தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். கட்டிலைப் பிடித்து ஒரு முழங்கால், பிறகு மற்றது, பிறகு கைகள். நெற்றி மெல்ல வந்து பச்சைத் துணியில் அமர்ந்தது. இடுப்பு உயர்ந்து நின்றது, நிற்க வேண்டியபடி. மாஸ்டரை எவ்வளவு ஏசினாலும் எனக்கு அலுக்காது, நாளைக்கும் ஏசுவேன். ஆனால் அவர் அன்றைக்குத் திரைக்கு அப்பால் இருந்தார். சாச்சியின் நெற்றிக்கும் நிலத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்த இரண்டு விரல் உயரத்தை வைத்தது என் கை.